மாடியறைக்கு வந்த ட்ரம்கேரி ரயில்

மழை மறந்த ஓர் ஊரில் ஒரு பல் டாக்டர் இருந்தார், பல் டாக்டருக்கு ஒரு மனைவி இருந்தாள், இருவருக்கும் நடுவில் ஒரு மாடியறை இருந்தது. அந்த மாடியறை இல்லாமல் போயிருந்தால் சண்டைக்கு வேறு ஏதாவது இடம் பார்த்திருப்பார்கள், கல்யாணமான வீடுகளில் அதற்கெல்லாம் பஞ்சம் கிடையாது. ஊர் திண்டுக்கல், தெரு சவேரியார் கோயில் தெரு, டாக்டர் பெயர் மரியநேசன், மனைவி பெயர் ஸ்கொலாஸ்டிக்கா. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அயர்லாந்து சிஸ்டர்களிடம் அடி வாங்கி ஆங்கிலம் படித்தவள், அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாகச் சாம்பார் வைக்கிறவள், ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவை சொல்ல நேர்ந்தால் கையிலிருக்கும் கரண்டியை ஒரு பார்வை பார்க்கிறவள்.

மரியநேசன் ரயில் செய்வார். பொம்மை ரயில் என்று சொல்லிவிடக் கூடாது, முகம் தொங்கிப்போகும். மாடல் என்று சொல்ல வேண்டும். எத்தனையோ தேசத்துக்காரர்கள் எத்தனையோ ரயில் விட்டிருக்க, அவர் செய்ததெல்லாம் அயர்லாந்து ரயில்தான். அதற்குக் காரணம் மடத்தில் காலமான ஒரு சிஸ்டரின் பெட்டிக்குள் கிடந்த பாதி செய்த தகர இன்ஜின். சிஸ்டரின் அண்ணன் எந்தக் காலத்திலோ ஆரம்பித்து விட்டுப்போனது, பல்செட் கட்டுகிற கைக்கு இது படியும் என்று மதர் எடுத்துக் கொடுத்துவிட்டார். மதர் கொடுத்தது ஒரு இன்ஜின். அது மாடியறையில் குட்டி போட்டது. சாம்பல் நிற இன்ஜின்கள், பச்சைப் பெட்டிகள், மாடு ஏற்றுகிற வேகன்கள், கடல் தாண்டித் தபாலில் வந்த பித்தளைத் தகடுகள், அவற்றை வெட்டி வளைத்துப் பற்றவைத்த நாற்றம். மலையைப் பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டரில் வார்த்தார். வேலிக்குப் பல்லில் கிளிப் போடுகிற கம்பி. ஆற்றங்கரைப் பாறைகளை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் கடைவாய்ப் பல். கீழே கிளினிக்கில் ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தோடு ஆள் உட்கார்ந்திருக்க, மேலே டாக்டர் சிக்னல் கம்பத்துக்கு ஏணி வைத்துக்கொண்டிருப்பார்.

அதிலும் ஒரு பிடிவாதம். அயர்லாந்துப் பாதையின் அகலம் ஐந்தடி மூன்று அங்குலம், நம்முடைய பெரிய பாதையைவிட மூன்று அங்குலம் ஒல்லி, இங்கிலாந்துக்காரன் பாதையைவிடப் பருமன். கடையில் கிடைக்கிற மாடல் தண்டவாளம் இங்கிலாந்துக்காரன் அளவுக்கே போதாது, ஆனாலும் உலகம் அதன்மேல்தான் அயர்லாந்து ரயிலை ஓட்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறது. மரியநேசனுக்கு மட்டும் அது அளவு தப்பிய பல்செட் மாதிரி உறுத்தியது. போட்ட பாதையை எல்லாம் பிடுங்கி, கட்டைகளைத் தானே சீவி, தண்டவாளத்தைத் தானே பதித்து, எல்லாச் சக்கரங்களையும் அகட்டி, நாலரை மில்லிமீட்டருக்காக ஒரு தவக்காலத்திலிருந்து அடுத்த தவக்காலம் வரை குனிந்தே கிடந்தார்.

அவர் செய்துகொண்டிருந்தது ட்ரம்கேரி என்ற சின்ன ஊருக்குப் போன கிளைப்பாதை. லாபமில்லை என்று எப்போதோ மூடிவிட்டார்கள். கடைசி வருஷத்தில் அது எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு ஜன்னல் கூடாமல் குறையாமல் செய்து முடிப்பது; மூடின தேதி வருகிறபோது அங்கே செய்தமாதிரியே இன்ஜினுக்கு மாலை போட்டு, தண்டவாளத்தில் வெடி வைத்து, கடைசி ரயிலை அனுப்பிவிட்டு, பாதையைப் பிரித்துக் கட்டி வைத்துவிடுவது. "அங்க நடந்தது இங்க நடக்கணும், அங்க நடக்காதது இங்க நடக்கக் கூடாது, அதுதான் மாடல்," என்பார், பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்கிற குரலில்.

"பிரிச்சதும் ரூம் எனக்கு," என்றாள் ஸ்கொலாஸ்டிக்கா.

"உனக்குத்தான் ஸ்கொலா. தையல் மிஷின் போடப்போறியா?"

"இல்ல."

"ஜெபம் பண்ணவா?"

"அதுக்குக் கோயில் இருக்கு. கதவைச் சாத்திட்டுச் சும்மா உக்காரப்போறேன்."

சும்மா உட்கார ஒரு ரூமா என்று அவர் சிரித்தார். சிரித்தவருக்குக் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. அவளுக்கு இருந்தது அடுப்படி, அதற்குக் கதவு கிடையாது.

பாதை சரியான அகலத்துக்கு வந்த அன்று சாயங்காலம், பிளாஸ்டர் மலையின் குகைக்குள் போன ரயில் திரும்பி வந்தபோது கூரையெல்லாம் நனைந்திருந்தது, பெட்டிகளில் ஆள் இருந்தார்கள். ட்ரம்கேரி ஸ்டேஷனில் ரயில் நின்றது, கதவுகளைத் திறந்து இறங்கினார்கள். பெரிய புளியங்கொட்டை உயரம், தொப்பி வைத்த ஆண்கள், சால்வை போர்த்திய பெண்கள், கூடையில் கோழி வைத்திருந்த ஒருத்தி, ஒரு சைக்கிள், உதறி மடக்கிய குடைகள். மரியநேசன் மண்டியிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "குடையோட கைப்பிடி எல்லாம் அந்தக் காலத்துதுதான், சரியா இருக்கு," என்றார். காபியோடு வந்த ஸ்கொலாஸ்டிக்கா ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"வந்தவங்களை வாங்கன்னு கேட்டீங்களா?"

அவர் கேட்டிருக்கவில்லை. அவளே கேட்டாள், மருந்து பாட்டில் மூடியில் தண்ணீர் கொண்டுவந்து பிளாட்பாரத்தில் வைத்தாள், அவர்கள் சுற்றி நின்று கையால் அள்ளிக் குடித்துவிட்டு, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே ரயிலில் ஏறிக் குகைக்குள் போனார்கள். மறுநாளும் வந்தார்கள்.

மறுநாள் எதிர்வீட்டு ஜைத்தூனும் வந்தாள், மாவு மில் ராவுத்தரின் மனைவி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்து, "அல்லா, என்னத்துக்கு டாக்டரம்மா இவ்வளவு சின்னதா இருக்காங்க?" என்றாள். அவள் பின்னாலேயே பக்கத்துவீட்டு வெள்ளத்தாய், வெங்காயப் பேட்டையில் தரகு பேசுகிறவள், எந்தக் கேள்விக்கும் கையில் பதில் வைத்திருப்பவள், "அம்புட்டுத் தூரத்துல இருந்து வாராகள்ல, சின்னதாத்தான் தெரிவாக," என்றாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அதைக் கேட்கவில்லை.

தெரு வேறு கேள்விகள் கேட்டது. சாப்பிட்டார்களா, வெயில் ஒத்துக்கொள்கிறதா, விசிறி போட்டால் தொப்பி பறக்கிறதே, பல்லி வந்தால் என்ன செய்வது, எறும்புக்கு என்ன வழி. விசிறியை நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் வியர்த்து ஊற்ற ஊற்ற நின்று பார்த்தார்கள். பல்லிக்கு முட்டை ஓடு தொங்கவிட்டார்கள், மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் இறக்கினார்கள், ஜைத்தூன் வீட்டுப் பூனையைப் பேகம்பூரில் அவள் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருநாள் ரயில் பாதியில் வருகிறபோது கரண்ட் போய்விட, பெண்கள் திரண்டு கரண்ட் ஆபீசுக்குப் போய், "ரயிலு நடுவழியில நிக்கிது, பொம்பளைக எல்லாம் உள்ள இருக்காக," என்று சத்தம் போட, லைன்மேன் வந்தார், பார்த்தார், மோர் குடித்தார், இனிமேல் நிறுத்துவதாக இருந்தால் ரயில் போனபிறகு நிறுத்துகிறேன் என்று சொன்னார், சொன்னபடி நடந்துகொண்டார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஒரு சொட்டு விழுந்து மூன்று பேர் உருண்டார்கள், எழுந்து தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள், நம்ம ஆட்கள்தான் என்று சாமியார் நிம்மதியாகக் கீழே இறங்கிப் பல் காட்டிவிட்டுப் போனார். மாரியம்மன் கோயில் கூழ் பாட்டில் மூடியில் வந்தது. பெருநாளுக்கு ஜைத்தூன் கொடுத்தனுப்பிய பிரியாணியில் ஆளுக்கு ஒரு சீரகச் சம்பாப் பருக்கை, அதை வாழைப்பழம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டு, காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு, இன்னொன்று கிடைக்குமா என்று பார்த்தார்கள்.

அப்புறம் வியாபாரம் வந்தது, வராமல் இருக்குமா. அவர்கள் கடுகளவு வெண்ணெய் உருண்டையும் கசகசா மாதிரி முட்டையும் கொண்டுவந்து பிளாட்பாரத்தில் பரப்பினார்கள். வெள்ளத்தாய் ஒற்றைச் சின்ன வெங்காயத்தை வைத்தாள், ஆள் உயரம் இருந்தது, நாலு பேர் பலகை போட்டு உருட்டி மாட்டு வேகனில் ஏற்றினார்கள். "இவுகளுக்கு மாசத்துக்கு ஒண்ணு போதும், நான் எங்கிட்டு யாவாரம் பண்ணி எங்கிட்டு முன்னேற," என்று அலுத்துக்கொண்டாலும் பேட்டையில் மூட்டை மூட்டையாகக் கிண்டி நல்ல காயாக ஒன்று எடுத்து வருவாள். வந்தவுடன் முதல் வேலையாக நனைந்த பெட்டிக் கூரையை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "மழைத்தண்ணி," என்பாள், வேறு எதுவும் சொல்லமாட்டாள். அந்த வருஷம் தெருக் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

இவ்வளவும் நல்லதுதான், யாருக்கு? நாள் முழுக்க மாடிப்படியில் செருப்புச் சத்தம், வந்தவர்களுக்கு எல்லாம் காபி, காபி டம்ளர்களுக்கு எல்லாம் கழுவுகிற ஆள் ஸ்கொலாஸ்டிக்கா. இது போதாதென்று துபாஷி வேலை. அவர்கள் பேச்சு தெருவுக்குக் கொசு பாடுகிற மாதிரிக் கேட்டது, அவளுக்கு மட்டும் அது பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் அம்புரோஸ் திட்டுகிற அதே ஏற்ற இறக்கம், அதனால் புரிந்தது. "டாக்டரம்மா, அந்தத் தாத்தா என்ன சொல்றாரு?" "மழை பெய்யுதுன்னு சொல்றாரு." "இந்தக்கா?" "அதே மழைதான்." மூடுகிற நாள் எப்போது வரும், இந்தக் கூட்டம் எப்போது இறங்கும், கதவு எப்போது சாத்தும் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களில் ஒருத்தி எதையும் விற்கவில்லை, எதையும் வாங்கவில்லை. ஸ்கொலாஸ்டிக்கா வயதுதான் இருக்கும், அழுத்தி வாரிய தலை, அழுத்தி மூடிய வாய், பெயர் ஹனோரா. ரயிலை விட்டு இறங்கி நேரே பிளாட்பாரக் கோடியில் இருந்த பெஞ்சில் போய் உட்காருவாள், ரயில் கிளம்புகிறபோது எழுந்து ஏறிக்கொள்வாள். மரியநேசன் தீக்குச்சியைச் சீவிச் செய்த பெஞ்சு அது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஸ்கொலாஸ்டிக்கா கேட்டாள்.

"நீ எதுக்குத்தான் வர்றே?"

"உக்கார."

"உங்க ஊர்ல உக்கார இடமில்லையா?"

"வீட்டுல புருஷன், புருஷனோட அண்ணன், ஏழு பிள்ளைங்க, நாலு பன்னி. நான் உக்கார்ந்தா ஒவ்வொண்ணும் வந்து ஏதாவது கேக்கும். இங்க என்னை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல." ஹனோரா அண்ணாந்து பார்த்தாள். "உன்னைத் தவிர."

ஸ்கொலாஸ்டிக்கா திரும்பி, கதவருகே நின்று வேடிக்கை பார்த்த தெருப்பெண்களைப் பார்த்து, "என்ன இங்க தேரா ஓடுது? போங்க, போய் அவங்கவங்க உலையைப் பாருங்க," என்று இறக்கிவிட்டாள். "கூட்டம் வந்தாலும் ஏசுறீக, வராட்டியும் ஏசுறீக," என்று முணுமுணுத்துக்கொண்டே வெள்ளத்தாய் படியிறங்கினாள். அதற்குப் பிறகு, ரூம் கைக்கு வந்ததும் நாற்காலியை ஜன்னலுக்கு எந்தப் பக்கம் போடுவது என்று ஸ்கொலாஸ்டிக்கா யோசிக்கிறபோதெல்லாம், அதே இடத்தில் ஒரு தீக்குச்சிப் பெஞ்சும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அதற்கு நான் என்ன பண்ண, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மூடினது நானா?

மூடுகிற நாள் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து மாடல் ரயில்காரர்கள் இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள், ஜன்னல் திரையை எல்லாம் தள்ளிவிட்டு முக்காலி நிறுத்தினார்கள். வெள்ளத்தாய் மருக்கொழுந்து இணுக்கை நூலில் கட்டி மோதிர அளவுக்கு ஒரு மாலை கொண்டுவந்தாள், மரியநேசன் அதை வாங்கி இன்ஜின் முகத்தில் மாட்டினார். பொம்மைத் துப்பாக்கி வெடியின் பொட்டுகளைக் கத்தரித்துத் தண்டவாளத்தில் வரிசையாக ஒட்டினார். மாடிப்படி முழுக்கத் தெரு நின்றது. ஜைத்தூன் மூக்கை உறிஞ்சினாள். "நாளையில இருந்து இந்தப் பொழுதுக்கு நான் எங்க போவேன்," என்றாள், அவளுக்கும் வீட்டில் ஒரு ராவுத்தர் இருந்தார்.

கிளம்புகிற நேரம் பயணிகள் ஏறினார்கள், அழவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. ஹனோரா மட்டும் பெஞ்சிலேயே இருந்தாள்.

"ஏறு. கடைசி ரயில்," என்றாள் ஸ்கொலாஸ்டிக்கா.

"தெரியும். மாலையைப் பார்த்தேன். போன தடவையும் மாலைதான் போட்டாங்க."

"போன தடவையா?"

"எங்க ஊர்ல மூடினப்ப. பாண்டு வாத்தியமெல்லாம் வச்சாங்க, சாமியார் பேசினாரு, வெடி வச்சாங்க, மறுவாரம் தண்டவாளத்தைக் கழற்றிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எத்தனை மழைக்காலம் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். அப்புறம் இங்க ஒருத்தர் சரியான அகலத்துல பாதை போட்டிருக்காருன்னு சொன்னாங்க, வந்தோம்." எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "ரெண்டாம் தடவை பார்க்க இதுல ஒண்ணும் இல்ல."

மரியநேசன் ரயிலைக் கிளப்புகிற திருகில் கை வைத்தார், கேமராக்காரர் குனிந்தார், ஸ்கொலாஸ்டிக்கா தன் வலது கையை இன்ஜினுக்கு முன்னால் தண்டவாளத்தில் குறுக்கே வைத்தாள். நாலு வளையல் போட்ட கை, ரயிலுக்கு அது லெவல் கிராசிங் கேட்டைவிடப் பெரிசு.

"என்ன ஸ்கொலா, படம் எடுக்கறாங்க."

"எடுக்கட்டும். இதை மூடக் கூடாது."

"அங்க மூடினாங்க இல்ல? அங்க நடந்தது—"

"அங்க மூடினதாலதாங்க இவங்க இங்க வர்றாங்க! அங்க ஓடிக்கிட்டு இருந்தா உங்க ரயில்ல எதுக்கு ஏறப்போறாங்க? அங்க நடந்தது அங்கேயே நடந்து முடிஞ்சாச்சு. இவங்க அழுது முடிச்சதை மறுபடி அழச் சொல்றீங்க, அதுக்குப் பேரு மாடலா?"

மரியநேசன் குனிந்து பெட்டி ஜன்னல்களைப் பார்த்தார். இத்தனை நாள் அவர் குடையின் கைப்பிடியைப் பார்த்திருந்தார், சட்டையின் பொத்தானைப் பார்த்திருந்தார், முகங்களைப் பார்த்ததில்லை. அவை மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன, அவசரமில்லாமல், ஏற்கெனவே ஒரு தடவை பிடுங்கின பல்லைப் பற்றிக் கேட்கிறவர்கள் மாதிரி.

"ரூம் உனக்குன்னு சொல்லியிருந்தேனே," என்றார் மெதுவாக. "இன்னிக்கே பிரிக்க ஆரம்பிச்சுடலாம்னு இருந்தேன்."

"தெரியும்."

"அப்ப ரூம்?"

"தெரியும்னு சொன்னேன்ல?" என்றாள். கையில் கரண்டி இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

அவர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வழி தவறினவர் மாதிரி நின்றார். "கடைசி வருஷம் முடிஞ்சுபோச்சே ஸ்கொலா. இதுக்கு மேல ஓடினா இது எந்த வருஷம்?"

"இந்த வருஷம்," என்றாள் ஸ்கொலாஸ்டிக்கா.

கோயம்புத்தூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜைத்தூன் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள். மாடிப்படியில் பின்னால் நின்றவர்கள், என்ன, என்ன ஆச்சு, என்று முன்னால் நின்றவர்களைக் கேட்டார்கள். அதற்குள் ஹனோரா, ஒரு கால் பெட்டிப் படியிலும் ஒரு கால் பிளாட்பாரத்திலுமாக, குடைக் காம்பால் தண்டவாளத்தை ரெண்டு தட்டுத் தட்டினாள்.

"போகுதா இல்லையா இது? எனக்கு மாடு கறக்கணும்."

ஸ்கொலாஸ்டிக்கா கையை எடுத்தாள். ரயில் கிளம்பியது, ஒட்டினது ஒட்டினபடியே இருந்த வெடிகள் சக்கரத்தில் பட்டுப் பட்பட்டென்று வெடித்தன, தெரு கை தட்டியது, கேமராக்காரர் எதைப் படம் எடுத்தோம் என்று தெரியாமலே எடுத்து முடித்தார், வந்ததற்குக் கோயம்புத்தூர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். மத்தியானம் ஒரு ரயில் விடுங்க, அதுக்கு யாரும் மேல வரக் கூடாது, தெரு வரக் கூடாது, நீங்களும் வரக் கூடாது, திருகு எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்துடுங்க. தன் ரயிலை இன்னொருவர் கையில் கொடுத்ததே இல்லாத மரியநேசன் பிசைந்த ரசம் சோற்றை மறுபடி பிசைந்தார். பிறகு சொல்லிக் கொடுத்தார். வெடுக்கென்று திருப்பக் கூடாது ஸ்கொலா, உள்ள ஆள் இருக்காங்க, என்றார்.

அதிலிருந்து மத்தியானம் பாத்திரமெல்லாம் கவிழ்த்தபிறகு அவள் மாடியேறிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். ரயில் நனைந்து வரும். ஒருத்தி மட்டும் இறங்குவாள். "வா," என்பாள் இவள், அவள் தலையை அசைப்பாள், அவ்வளவுதான் பேச்சு. ஒருத்தி தீக்குச்சிப் பெஞ்சில், ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலியில்.

ஒருநாள் பல் பிடுங்கும் குறடு வைத்த இடம் தெரியாமல் மரியநேசன் மேலே வந்து கதவைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"ஸ்கொலா, உள்ள என்ன பண்றே?"

குகைக்கு அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது, மெல்லக் கேட்டது. பெஞ்சில் இருந்தவள் கண்ணை மூடியிருந்தாள். நாற்காலியில் இருந்தவள் காலை நீட்டிக்கொண்டாள், வாழ்நாளில் முதல் தடவையாக, நிதானமாக, முழுசாக, பொய் கலக்காமல் பதில் சொன்னாள்.

"ஒண்ணும் பண்ணல."